குறி தப்பியது பையனா, கருவியா?



பதிவு கொஞ்சம் நீளம். நம் குடும்பத்திலேயே இரண்டு பேருக்கு இதைப் படித்தால் என்மேல் கோபம் வரும். வரட்டும். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன், நெஞ்சில் பட்டதைச் சொல்லாமல் இருந்தால் சாப்பாடு இறங்காது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகனுக்குப் பதின்மூன்று வயது. பையனுக்கு ஒரு ஏர் ரைஃபிளும், அதன்மேல் மாட்ட 4-12×40 ஸ்கோப்பும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் மண்சுவர்; அதற்கு முன்னால் 25 மீட்டர் தள்ளி அட்டை. பையன் சுடுகிறான், குண்டு ஒன்று மேலே, ஒன்று பக்கத்தில், ஒன்று அட்டையிலேயே இல்லை. அப்பன்காரன் கத்துகிறான்: "ஸ்கோப் வச்சா யாரு வேணாலும் சுடலாம்டா! இவ்வளவு பணம் போட்டும் ஒனக்குக் குறி வரலையே!" பையன் தலை குனிந்து நிற்கிறான்.

ராத்திரி இதை நம் வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர் எழுதினார்: "ஸ்கோப் வைத்துச் சுடுவது, பரீட்சையில் காப்பி அடிப்பது மாதிரி. எடுத்து எறியச் சொல்லுங்கள்."

ஒருவர் ஸ்கோப்பைக் கும்பிடுகிறார், இன்னொருவர் வைகிறார். நான் சொல்கிறேன், இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். கருவிதான் சுடுகிறது என்று இருவருமே நம்புகிறார்கள்.

முதலில் நண்பருக்குப் பதில். சாதாரண சைட்டில் சுடும்போது கண்ணுக்கு மூன்று வேலை. பின்சைட், முன்சைட், இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். ஸ்கோப்பில் இலக்கும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் தெரியும். அவ்வளவுதான் அது தரும் உதவி. எனக்கு வெள்ளெழுத்து வந்து இருபது வருடம் ஆகிறது. முன்சைட் எனக்குப் பனிமூட்டம். ஐயா, நீங்களும் கண்ணாடி போட்டுத்தானே பேப்பர் படிக்கிறீர்கள்? அது காப்பியா?

இப்போது தம்பி மகனுக்கு. ஸ்கோப் உன் பையன் கையை ஆடாமல் பிடித்துக்கொள்ளாது. இலக்கைப் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கும்போது, கையின் ஆட்டத்தையும் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். குறுக்குக் கோடு குதிப்பதைப் பார்த்துப் பிள்ளை பயந்துபோய், கோடு நடுவில் வரும் கணத்தில் டிரிக்கரை வெடுக்கென்று இழுப்பான். அங்கேதான் குண்டு போகும் வழி மாறும். பழகுகிறவனுக்கு நான்கு மடங்கு போதும். நீ வைத்திருந்தது பன்னிரண்டில்.

இன்னொன்று. "ஒலிம்பிக் போவான் பெரியப்பா" என்றாய். சந்தோஷம். ஆனால் ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் துப்பாக்கிமேல் ஸ்கோப்பே கிடையாது, தெரியுமா? 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது, 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கியது, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவது எல்லாமே 10 மீட்டர் ஏர் ரைஃபிள். சின்னத் துளை வழியாகப் பார்க்கிற பீப் சைட்தான். அந்த அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி! நம் பக்கத்துப் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் போய் வந்தாரே, அவர் டிராப் பிரிவு. பறக்கும் தட்டைச் சுடுவது, அதிலும் ஸ்கோப் கிடையாது. ஸ்கோப் வைத்துச் சுடும் போட்டிகள் உலகத்தில் தனியாக இருக்கின்றன. எஃப்-கிளாஸ், பெஞ்ச்ரெஸ்ட் என்று பெயர். ஓடும் இலக்கைச் சுடும் போட்டியிலும் அனுமதி உண்டு. பையன் எந்தப் பக்கம் போகப் போகிறான் என்று கேட்காமல், கடைக்காரர் சொன்னதை வாங்கி வந்துவிட்டாய்.

சரி, வாங்கியாயிற்று. அன்று சாயங்காலம் நானும் பையனும் உட்கார்ந்தோம். செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் ரைஃபிளைக் காலியாக்கி, ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களைப் பார்த்தோம். விரலாலேயே சுற்றுகிறது! ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள் பின்னாலும் உதைக்கும், முன்னாலும் இழுக்கும். தளர்ந்த வளையம் ஒவ்வொரு குண்டுக்கும் நகரும். மலிவான ஸ்கோப் சீக்கிரமே உள்ளுக்குள் உடைந்தும் போகும். திருகுகளை மாற்றி மாற்றி, ஒரே அளவாக இறுக்கினோம்.

இரண்டாவது, மேஸ்திரி வைத்திருக்கும் தூக்குக்குண்டை மாமரத்தில் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் நெட்டுக் கோட்டை அந்த நூலோடு ஒட்டிப் பார்த்தோம். நம் ஊர் வீடுகளில் இத்தனை தூண்கள் நேராக நிற்பது அந்தக் குண்டை நம்பித்தானே? கோடு சாய்ந்திருந்தால் தூரம் மாற மாறக் குண்டு பக்கவாட்டில் விலகும்.

மூன்றாவது, வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கண்பக்க வளையத்தைத் திருகிக் குறுக்குக் கோட்டைத் தெளிவாக்கினோம். வெயிலுக்கு நேரே ஒருநாளும் பிடிக்கக் கூடாது. அதை அவரவர் கண்ணுக்குத்தான் சரிசெய்ய வேண்டும். அப்பன் கண்ணுக்கு வைத்ததைப் பிள்ளை பார்த்தால் மங்கல்தான்.

நான்காவது, முன்பக்கத் தூர வளையத்தை 25 மீட்டருக்கு வைத்து, தலையை லேசாக ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். கோடு இலக்கின்மேல் நகரக் கூடாது. நகர்ந்தால், கன்னத்தை ஒவ்வொரு முறை வேறு இடத்தில் வைக்கும்போதும் குறி மாறும். அதற்குப் பாராலக்ஸ் என்று பெயர்.

பிறகு அரிசிப் பையின்மேல் இடது உள்ளங்கை, அதன்மேல் ரைஃபிள். பாதி மூச்சு விட்டு நிறுத்தி, ஒரே இடத்தைப் பார்த்து ஐந்து குண்டு. ஐந்தும் ஓர் எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கும் கூட்டமாக விழுந்தன. ஆனால் நடுவிலிருந்து ஐந்தரை சென்டிமீட்டர் கீழே.

அப்பன்காரன் உடனே, "பாத்தீங்களா, ஒண்ணுகூட நடுவுல இல்ல" என்றான்.

அடேய், அந்தக் கூட்டத்தைப் பார்! அதுதான் உன் பிள்ளையின் மார்க். ஐந்து குண்டும் ஒரே இடத்துக்குப் போகிறது என்றால் பிள்ளை ஐந்து முறையும் ஒரே மாதிரி சுட்டிருக்கிறான். கீழே விழுவது ஸ்கோப்பின் கணக்கு. அந்த ஸ்கோப்பில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ.; 25 மீட்டரில் அது சுமார் 1.8 மில்லிமீட்டர். 55 மில்லிமீட்டரை 1.8-ஆல் வகுக்கச் சொன்னேன். "முப்பது ஐயா" என்றான். முப்பது கிளிக் மேலே. அடுத்த ஐந்து நடுவில்.

அதுவரை அவன் அப்பன் என்ன செய்துகொண்டிருந்தான்? ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு திருகு. மேலே போனால் கீழே, கீழே போனால் மேலே. ஒரு வாரத் தேர்வில் மார்க் குறைந்தால் டியூஷன் மாற்றுகிற பெற்றோரை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! ஒற்றைக் குண்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐந்தைப் பாருங்கள். கூட்டம் சிறிதாகத் தள்ளி விழுந்தால் கருவியைத் திருத்து. கூட்டம் சிதறினால், முதலில் திருகு ஏதும் தளர்ந்திருக்கிறதா பார். அதன்பிறகு ஆளைத் திருத்து. இதை மாற்றிச் செய்கிறவன் நல்ல பிள்ளையைக் கெடுப்பான்.

இவ்வளவு சத்தமாகச் சொல்கிறேனே, எனக்கு இது எப்படித் தெரியும்? நானே கெடுத்திருக்கிறேன்.

1994. பள்ளியில் என்.சி.சி. பொறுப்பு என்னுடையது. .22 ரைஃபிளில் 25 கெஜத்தில் சுடும் பயிற்சி. முகாமுக்கு அணி தேர்வு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், ஒல்லியாக இருப்பான், படிப்பில் சுமார். ஐந்து குண்டும் அட்டையின் இடது கீழ் மூலையில் நெருக்கமாக விழுந்தன. நான் நடுவட்டத்தை மட்டும் பார்த்தேன். எல்லார் முன்னாலும், "ஒனக்குக் குறியே வராதுடா, போய் நில்லு" என்றேன். பட்டியலிலிருந்து பெயரை அடித்தேன்.

அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்த ஹவில்தார் அதே ரைஃபிளை எடுத்து மூட்டைமேல் வைத்துச் சுட்டார். இடது கீழ் மூலை. சிரித்துக்கொண்டே, "சார், இதில் முன்சைட் தட்டுப்பட்டு நகர்ந்திருக்கிறது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் அன்றைக்கு அணிவகுப்புக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாத்தியார் மாணவனிடம் போய்த் தப்பை ஒப்புக்கொள்வதா என்ற வீம்பு. அடுத்த வருடம் அவன் பள்ளி மாறிப் போய்விட்டான்.

அணியிலேயே சிறந்த கூட்டம் அவனுடையது. அது எனக்கும் தெரியும், அந்த ஹவில்தாருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

அதனால்தான் கேட்கிறேன், "குறி வராது", "கணக்கு வராது", "இங்கிலீஷ் வராது" என்று சொல்லும் முன் உங்கள் சைட்டைச் சரிபார்த்தீர்களா? கேள்வித்தாள் சரியா? பிள்ளைக்குக் கரும்பலகை தெரிகிறதா? வலது தோளில் வைத்துச் சுடும் பிள்ளைக்கு இடது கண் ஓங்கிய கண்ணாக இருக்கலாம், பார்த்தீர்களா? ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் இதை முக்கியமாகப் படிக்க வேண்டும்.

கடைசியாகக் கண்டிப்பான சில வார்த்தை. 20 ஜூலுக்கு மேற்படாத .177 ஏர் ரைஃபிளுக்கு, 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். அதனால் அது பொம்மை ஆகிவிடாது. பெரியவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை தொடக் கூடாது. ஸ்கோப் வழியாகத் தெருவையும் மாடியையும் வேடிக்கை பார்க்கவே கூடாது. ஸ்கோப் பார்க்கும் இடத்தையே குழலும் பார்க்கிறது. கண்மாய்க் கரையில் கொக்கையும் மைனாவையும் சுட்டு வீடியோ போடுகிற வீரர்களே, அது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் மாவட்டத்திலேயே வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காக, கொல்லுகுடிபட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அந்த மண்ணில் பிறந்துவிட்டு அட்டையை விட்டுப் பறவையைக் குறிபார்க்காதீர்கள்.

தம்பி மகனே, கோபித்துக்கொள்ளாதே. அந்த அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். முதல் ஐந்து, இரண்டாவது ஐந்து இரண்டும் அதில் இருக்கின்றன. பையனுக்கு உன் வாயால் "நல்லா சுட்டேடா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து வாங்கிக்கொள்.

1994-இல் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த அந்த மாணவர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. பெயரை இங்கே எழுத மாட்டேன். படித்தால் அவருக்கே தெரியும். தம்பி, ரைஃபிள்தான் தப்பு. நீ சரியாகத்தான் சுட்டாய். முப்பது வருடம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.