பெட்டியில் வாராத லொறி

மாதிரியுரு அமைத்தலைச் சிறுபிள்ளை விளையாட்டென்று எள்ளுவார் ஒருபுறமிருக்க, அதனைக் கலையென்று போற்றுவாரிடையேயும் ஒரு வழக்கு நெடுநாளாக நிகழ்ந்து வருகின்றது. கடையில் விற்கும் பெட்டியை வாங்கி, அதிலுள்ள துண்டுகளைப் படத்திற் கண்டவாறு ஒட்டி முடித்தல் போதுமா? அன்றித் தகடும் கம்பியும் கொண்டு ஒவ்வோர் உறுப்பையும் தம் கையாலேயே அளந்து வெட்டிச் செய்தல் வேண்டுமா? பின்னையதே சிறந்தது என்பது எமது துணிபு. அதிலும், அம்முயற்சியில் இறங்குவோர் டாங்கியை விடுத்துப் பழைய படை லொறி ஒன்றையே எடுத்துக்கொள்ளல் நன்று என்போம். இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றே. ஒரு பொருள் எதற்காக அவ்வாறு அமைந்தது என்று அறியாதவன் அதனைச் செய்ய இயலாது, ஒட்டத்தான் இயலும்.

இரண்டாம் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்கப் படையின் பாரத்தைச் சுமந்த ஜீ.எம்.சீ. இரண்டரைத் தொன் லொறியையே சான்றாகக் கொள்வோம். சீ.சீ.கே.டபிள்யூ. என்பது அதற்குத் தொழிற்சாலை இட்ட பெயர். முதலெழுத்து 1941ஆம் ஆண்டின் வடிவமைப்பைச் சுட்டும். இரண்டாவது, இயந்திரத்துக்குப் பின்னே சாரதியறை அமைந்த வழக்கமான உருவத்தைச் சுட்டும். மூன்றாவது, முன்சில்லுகளுக்கும் வலு செல்லும் என்பதையும், நான்காவது, பின்னே வலுப்பெறும் அச்சுகள் இரண்டு உள என்பதையும் உணர்த்தும். 1941 முதல் 1945 வரை 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இவ்வினத்தில் வெளிவந்தன.

இதன் நீள வகையில், முன்னச்சிலிருந்து பின்னச்சுகள் இரண்டின் நடுவரையுள்ள தூரம் 164 அங்குலம். முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் அளவுத்திட்டத்தில் அது 119 மில்லிமீற்றராகும். 12 அடிச் சுமைப்பெட்டி நான்கங்குலத்துக்குச் சற்றே மேற்படும். ரயரின் விட்டம் ஏறத்தாழ ஓர் அங்குலமாகிவிடும். (இந்த முப்பத்தைந்து என்னும் விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என வியப்போர்க்கு ஒரு சொல்: 1960களின் தொடக்கத்தில் யப்பானியத் தமியா நிறுவனம் வெளியிட்ட பாந்தர் டாங்கியினுள் மின்கலங்களை அடக்கவேண்டியிருந்தது. அவை அடங்கிய அளவே பின்னர் உலக வழக்காயிற்று. கணிதமேதை எவரும் அதனை வகுத்திலர்!)

“அதே தமியா நிறுவனம் இந்த லொறியையும் பெட்டியில் அடைத்து விற்கின்றதே, வீணே வருந்துவானேன்?” என்று வினவலாம். பெட்டியிலுள்ளவை குறைபாடுடையன என்பது எமது வாதமன்று. அவை பெரும்பாலும் எம் கைவேலையினும் நுண்ணியன. ஆனால் பெட்டி வினாவையும் விடையையும் சேர்த்தே தந்துவிடுகின்றது. இதனை விளங்கிக்கொள்ள லொறியைத் தலைகீழாகக் கவிழ்த்து நோக்குதல் வேண்டும்.

கியர்ப்பெட்டியின் பின்னே, வலுவைப் பகிரும் பெட்டியொன்று சட்டகத்தின் நடுவே தொங்குகின்றது. அதிலிருந்து ஒரு சுழல்தண்டு முன்னச்சுக்கும், மற்றொன்று நடுவச்சுக்கும் செல்கின்றன. கடையச்சுக்கு வலு எவ்வாறு செல்லும்? நேரே செல்லின் நடுவச்சு வழிமறிக்கும். ஆதலால், மூன்றாந்தண்டு நடுவச்சின் மேலாக ஏறி, அவ்வச்சின் மீதே பொருத்தப்பட்ட ஒரு தாங்கியினூடு சென்று, அப்பாலிறங்கிக் கடையச்சைச் சேர்கின்றது. பெட்டியை வாங்கியோன் இதனை எண்ணிடப்பட்ட ஒரு துண்டாகவே அறிவான். தானே செய்பவனோ, ‘கடைச்சில்லு எதனாற் சுழல்கின்றது?’ என்று வினவாமல் ஓரடியும் நகரமுடியாது. பின்வில்லும் அத்தகையதே. அதன் நடுப்பகுதி சட்டகத்தோடு சுழலத்தக்கதாய் இணைந்துள்ளது. இரு நுனிகளும் இரண்டு அச்சுகளின்மேல் அமர்கின்றன. ஒரு சில்லு மேட்டிலேற, மற்றையது பள்ளத்தை நோக்கி அழுந்த, பாரம் இரண்டிற்கும் பங்காகின்றது. மெல்லிய பிளாஸ்ரிக் கீற்றுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி அவ்வில்லை ஆக்குவோனுக்கு இத்தத்துவத்தை வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை.

சிறிதாக்கலில் இயற்கையே சில தடைகளை விதித்துள்ளது. ஒரு மில்லிமீற்றர்த் தகடு இவ்வளவுத்திட்டத்தில் 0.03 மில்லிமீற்றராதல் வேண்டும். நாம் எழுதும் தாள் அதனினும் மும்மடங்கு தடிப்புடையது! எனவே, தகட்டின் ஓரத்தை மாத்திரம் அரத்தாலே தேய்த்துக் கண்ணை ஏமாற்றுதலன்றி வேறு வழியில்லை. நிறையோ இன்னும் விரைந்து குறையும். 35ஐ மும்முறை பெருக்க 42,875 வரும். ஏறத்தாழ 10,000 இறாத்தல் நிறையுள்ள வெறும் லொறி கால் இறாத்தலினும் குறைந்துவிடுகின்றது. இவ்வளவு இலேசான பொருள் தன் வில்லைத் தானே வளைக்காது. வளைவைச் செய்பவனே கணித்து அமைத்தல் வேண்டும். நிறம் பற்றி நூல் நூலாக வாதிடுவார் உளர். அதனை அவர்களுக்கே விடுவோம்.

ஆண்டு பற்றிய கவனம் அதனினும் இன்றியமையாதது. முதலில் இரும்பாலாகிய சுமைப்பெட்டி, இரும்பை மிச்சம்பிடிக்கும் பொருட்டு மரமாயிற்று. இரும்பும் மரமும் கலந்ததும் உண்டு. மூடிய இரும்புச் சாரதியறை போரின் பிற்பகுதியிற் கன்வஸ் கூரையுடைய திறந்த அறைக்கு இடங்கொடுத்தது. அச்சுகளிலும் இருவகை உள. ஒன்றின் பல்லிணை உறை நடுவே பிளந்து போல்ற்றால் இணைக்கப்பட்டது. மற்றையது வட்டப் பானைபோல உருண்டது. எந்த ஆண்டின் வண்டி என்று துணியாமற் பலவற்றினின்றும் எடுத்துக் கோத்தால், உலகில் ஒருநாளும் ஓடாத லொறி ஒன்று பிறக்கும்.

“அனைத்தையும் தம் கையாலேயே செய்தவரே செய்தவர்” என்று முரணுவாரோடு எமக்கு உடன்பாடில்லை. இவ்வண்டிக்கு முன்னே இரண்டும் பின்னே எட்டுமாகப் பத்து ரயர்கள், மேலதிகம் ஒன்று. ஒரு ரயரைச் செவ்வையாகக் கடைந்து, சிலிக்கன் றப்பர் அச்செடுத்து, எஞ்சிய பத்தையும் றெசினில் வார்த்தல் குற்றமாகாது. தொழிற்சாலையும் அதனைத்தானே செய்தது. இக்காலத்து முப்பரிமாண அச்சுப்பொறி பற்றியும் இதனையே கூறுவோம். தானே அளந்து கணினியில் வரைந்து அச்சிடுபவன் செய்தவனே. பிறர் வரைந்ததை இறக்கி அச்சிடுபவன் வேறொரு வடிவிற் பெட்டி வாங்கியவனே.

இனி, டாங்கியை ஏன் விடச் சொன்னோம்? கண்காட்சி மேசைகளிலே அது பெற்ற இடம் மிகப்பெரிது; போரிலே லொறி பெற்ற பணியோ அதனினும் பெரிது. நோர்மண்டியில் இறங்கிய படைகள் 1944 ஓகஸ்ற்றிற் பிரான்சைக் கடந்து விரைந்தபோது, இருப்புப்பாதைகள் நேசநாட்டு விமானங்களாலேயே முன்னர்த் தகர்க்கப்பட்டிருந்தன. அம்மாத இறுதியில் ஜெனரல் பற்றனின் டாங்கிகள் மியூஸ் ஆற்றருகே பெற்றோலின்றி நின்றன. பகைவன் நிறுத்தவில்லை, வெறும் தொட்டி நிறுத்தியது. அக்குறையை நிரப்பவே ஓகஸ்ற் 25 முதல் நவம்பர் 16 வரை ‘செம்பந்து விரைவுச் சேவை’ இரவும் பகலும் ஓடிற்று. அதன் உச்சத்தில் 5,958 வண்டிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12,500 தொன் சுமந்தன. சாரதிகளில் நால்வரில் மூவர் கறுப்பின அமெரிக்கர். தம் சொந்தப் படையிலேயே வெள்ளையரினின்றும் பிரித்து வைக்கப்பட்டவர்கள் அவர்கள். அப்பிரிவினையை ஒழிக்கும் கட்டளை 1948இலேயே பிறந்தது. அவர்கள் வேகங்கட்டும் கருவியைக் கழற்றிவிட்டு ஓட்டினர். இரண்டரைத் தொன்னுக்கு அமைந்த வண்டியில் ஐந்து தொன் ஏற்றினர். பற்றனின் பெயரை அறியாத மாதிரியுருக்காரர் இல்லை. இச்சாரதிகளை அறிந்தவர் எத்தனை பேர்?

ஆதலால், இந்த லொறியைச் செய்வோர் அதனை வெறும் பெட்டியோடு புதுமெருகிட்டு நிறுத்தலாகாது என்று கேட்டுக்கொள்வோம். 5 கலன் கொள்ளும் பெற்றோற் கலங்களைச் சுமைப்பெட்டியில் நிறுத்தி அடுக்கினால், ஓரடுக்கில் ஏறத்தாழ 120 கொள்ளும். நிறைந்த கலம் ஒன்று சுமார் 40 இறாத்தல் ஆகையால், அவ்வோரடுக்கே விதித்த பாரத்தை எட்டிவிடும். சேவையில் ஓடிய வண்டிக்கு இரண்டாம் அடுக்கும் வேண்டும். கலத்தின் உயரம் அளவுத்திட்டத்தில் 13 மில்லிமீற்றருக்குச் சற்றே மேலானது. ஒன்றைச் செய்து ஏனையவற்றை வார்க்கலாம். ஆனால் அவற்றை ஏற்றுமுன் பின்வில்லின் வளைவைக் குறைத்து, ஏறக்குறைய நேர்கோடாக்கி ஒட்டிவிடல் வேண்டும். ஒட்டு உலர்ந்தபின் அதனை மாற்றுதல் அரிது.