54 எடுத்தவர் தோல்வி, 40 எடுத்தவர் தேர்ச்சி



சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் இணைப்பில்தான் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் இயங்குகின்றன. அங்கே இளநிலை முதலாண்டுக் கணிதத் தாளுக்கு மதிப்பெண் 100. அதில் அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. தேர்ச்சி பெற மொத்தம் 40 வேண்டும். பருவத் தேர்வில் மட்டும் தனியாக 30 வேண்டும். அகமதிப்பீட்டுக்குக் குறைந்தபட்சம் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டின் வேறு பல பல்கலைக்கழகங்களிலும் ஏறக்குறைய இதுதான் நடைமுறை.

இந்த விதியை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் கோளாறு தெரியும். அகமதிப்பீட்டில் 25-க்கு 25 வாங்கி, பருவத் தேர்வில் 29 எடுத்த மாணவிக்கு மொத்தம் 54. அவருக்கு 'யு' கிரேடு, அதாவது அரியர். அகமதிப்பீட்டில் வெறும் 10 வாங்கி, பருவத் தேர்வில் 30 எடுத்தவருக்கு மொத்தம் 40. அவருக்கு 'சி' கிரேடு, தேர்ச்சி. அகமதிப்பீட்டை அந்தந்தக் கல்லூரியே போடுகிறது. அதில் தாராளம் நுழைந்துவிடும் என்ற அச்சத்தில்தான் பருவத் தேர்வுக்குத் தனி வரம்பு வைத்தார்கள். அச்சம் நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால் அந்த 25 நம்பத்தகாதது என்றால் அதை மதிப்பெண் பட்டியலில் சேர்ப்பானேன்? நம்பத்தக்கது என்றால் ஒரே ஒரு மதிப்பெண் குறைந்ததற்காக ஐந்து மாத வகுப்புத் தேர்வும் ஒப்படைப்பும் கருத்தரங்கும் ஒன்றுமில்லாமல் போவானேன்? இரண்டு கேள்விக்கும் இன்றைய விதியில் பதில் இல்லை.

எதிர்பார்ப்பு எங்கே தொடங்குகிறது என்பது அடுத்த சிக்கல். பிளஸ் டூ கணிதத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. அதில் 20 மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு. புத்தகத்தின் பயிற்சி வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகியவர் அங்கே கரையேறிவிடலாம். கல்லூரித் தாளில் அந்தப் படிக்கட்டு இல்லை. வழக்கமான அமைப்பில் இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று. எல்லாமே எழுதிக் காட்ட வேண்டியவை. ஜூன், ஜூலையில் கல்லூரிக்குள் வந்த மாணவர் நவம்பரில் இந்தத் தாளைப் பிரிக்கிறார்.

இதிலும் மோசமான நிலை துணைப்பாடமாகக் கணிதம் படிப்பவர்களுடையது. பிளஸ் டூவில் தாவரவியல், விலங்கியல் எடுத்தவர்களும் பி.எஸ்சி. வேதியியலில் சேர்கிறார்கள். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்கள் அவர்கள். அவர்கள் முன்னால் முதல் பருவத்திலேயே அணிகள், வகையிடல், அதிபரவளையச் சார்புகள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் இந்த வகுப்புகளில் உண்டு. தமிழ் வழி மாணவர் அணிக்கோவை என்று படித்ததைக் கல்லூரியில் 'டிடெர்மினன்ட்' என்று புதிதாகக் கற்கிறார். உருது வழி மாணவருக்கு அந்தத் தமிழ்ச் சொல்லும் துணைக்கு இல்லை. உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் பாலம் போடும் இணைப்புப் பாடம் என ஒன்று உண்டு. ஆனால் முதன்மைத் தாள் வகுப்பும் அதே வாரத்தில் தொடங்கிவிட்டால், கட்டி முடியாத பாலத்தின் மீது வண்டி விடுவதாகத்தான் அது ஆகும்.

மதிப்பெண் எப்படிப் போகிறது என்பதை ஒரு வினாவில் பார்க்கலாம். முதல் நிரை 1, 2; இரண்டாம் நிரை 3, 4 என்ற அணிக்குக் கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்க்க வேண்டும். மூலைவிட்டக் கூடுதல் 5. அணிக்கோவை 4 கழித்தல் 6, அதாவது குறை 2. எனவே அணியின் வர்க்கத்திலிருந்து அணியின் ஐந்து மடங்கையும், அலகு அணியின் இரண்டு மடங்கையும் கழித்தால் பூச்சிய அணி வரவேண்டும். ஒரு மாணவி அணிக்கோவையின் குறியைத் தவறவிட்டுக் கூட்டல் 2 என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாப் படியும் சரி. கடைசியில் பூச்சிய அணிக்குப் பதில் மூலைவிட்டத்தில் 4, 4 வந்து நிற்கிறது. "பூச்சியம் வரவில்லை; மேலே எங்கோ பிழை இருக்கிறது" என்று எழுதிவிட்டு அவர் அடுத்த வினாவுக்குப் போகிறார். இன்னொருவர் அதே பிழையைச் செய்து, அதே 4, 4-க்குக் கீழே "தேற்றம் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி அடிக்கோடு இடுகிறார். முதலாமவருக்குத் தேற்றம் என்ன சொல்கிறது என்று தெரியும், இரண்டாமவருக்குத் தெரியாது. படிக்கு இத்தனை மதிப்பெண் என்ற விடைக்குறிப்பு இருந்தால்கூட இந்த வேறுபாட்டுக்கு அதில் இடம் இருப்பது அரிது. ஒரு திருத்துநர் இருவருக்கும் 4 போடலாம், இன்னொருவர் இருவருக்கும் 2 போடலாம். 29-க்கும் 30-க்கும் இடையே ஒரு வருடத்தின் நிம்மதி தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு மதிப்பெண் சின்ன விஷயம் அல்ல.

புரிந்ததைச் சொந்தச் சொல்லில் விளக்கும் வினா இந்தத் தாள்களில் வருவதே இல்லை என்பதும் பெரிய குறை. இந்த வட்டார மாணவர்களுக்கு அதற்கான உதாரணம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இங்கே பதனிடும் தோல் சதுர அடிக் கணக்கில் விற்பனையாகிறது. கழுத்தும் கால்களும் கோணல்மாணலாக நீட்டிக்கொண்டிருக்கும் தோலின் பரப்பை எந்தச் சூத்திரத்தில் அடக்குவது? தோல் ஷாப் எனப்படும் பதனிடும் தொழிற்கூடங்களில் இருந்த பழைய அளவை இயந்திரத்தில் சம இடைவெளியில் சக்கரங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு சக்கரமும் தன்னடியில் ஓடும் தோலின் நீளத்தை அளக்கும். எல்லா நீளத்தையும் கூட்டி, இடைவெளியால் பெருக்கினால் பரப்பு. சக்கரங்களை நெருக்கமாக வைக்க வைக்க அளவு துல்லியமாகும். இப்போதைய மின்னணு இயந்திரம் ஒளியை வைத்து அதையே இன்னும் நெருக்கமான கோடுகளில் செய்கிறது. வரையறுத்த தொகையிடல் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான். அப்பா தோல் ஷாப்பிலும் அம்மா ஷூ கம்பெனித் தையல் பிரிவிலும் வேலை பார்க்கும் வீட்டிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவர் இதை அழகாக விளக்கக்கூடும். அதற்கு மதிப்பெண் போட இன்றைய தாளில் ஓர் இடமும் இல்லை.

2020 ஆகஸ்டில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி, கட்டணம் செலுத்தியிருந்த மாணவர்களின் அரியர் தேர்வுகளைத் தமிழக அரசு ரத்து செய்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அப்படி எல்லோரையும் தேர்ச்சி பெறவைப்பது இந்தக் கடிதம் கேட்பதல்ல. அது மாணவருக்கு என்ன தெரியும் என்ற கேள்வியை அப்படியே மூடிவிடும்.

கேட்பது வேறு. அகமதிப்பீட்டுக்கும் ஒரு குறைந்தபட்ச வரம்பு வைத்து, அந்தத் தேர்வுத் தாள்களை வேறு கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாதிரிக்குச் சரிபார்க்க வேண்டும். அப்படிச் சரிபார்த்த பின், மொத்தம் 50-க்கு மேல் எடுத்தவரைப் பருவத் தேர்வில் ஓரிரு மதிப்பெண் குறைந்ததற்காகத் தோல்வியாக்கக் கூடாது. ஒவ்வொரு கணிதத் தாளின் விடைக்குறிப்பும், படிவாரி மதிப்பெண்ணுடன், தேர்வு முடிவு வெளியாகும் நாளிலேயே வெளிவர வேண்டும். 'யு' பெற்ற மாணவருக்குத் திருத்திய விடைத்தாளின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். முதல் ஆறு வாரம் இணைப்புப் பாடம் மட்டுமே நடக்க வேண்டும். இறுதியாண்டில் ஒரு தாள் மட்டும் பாக்கி வைத்திருப்பவர்களுக்குச் சில தன்னாட்சிக் கல்லூரிகள் நடத்தும் உடனடித் தேர்வைப் போல, முதல் பருவக் கணிதத்துக்கும் முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். ஏப்ரலில் இரண்டாம் பருவத் தாள்களோடு சேர்த்து எழுதச் சொன்னால் அந்த அரியர் ஒன்றோடு நிற்பதில்லை.

– வாசகர், ஆம்பூர்