மருந்துப் புட்டிக்கு முன் உருப்பெருக்கிக் கண்ணாடி

கற்றாழை, கள்ளி, எச்செவெரியா போன்ற சதைப்பற்றுச் செடிகள் ஜொகூரின் அடுக்குமாடி வீடுகளில் சன்னலோரத்திலும் படிப்பு மேசையிலும் இடம்பிடித்துள்ளன. ஒருநாள் இலையிடுக்கில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. உடனே பலரின் கை தேடுவது கரப்பானுக்கு அடிக்கும் மருந்துப் புட்டியைத்தான். இந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். எதிரி யார் என்று தெரியாமல் மருந்தடிப்பது அறிவியலும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது.

அந்த வெள்ளையையே எடுத்துக்கொள்வோம். அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். இலை முழுவதும் சீராகப் படிந்த மெல்லிய மாவு என்றால், அது செடியே சுரக்கும் மெழுகு. கடும் வெயிலிலிருந்தும் நீரிழப்பிலிருந்தும் இலையைக் காக்கும் கவசம் அது. தேய்த்து எடுத்தால் நட்டம் செடிக்குத்தான். இலையிடுக்குகளில் பஞ்சுத் துணுக்குபோல் ஒட்டியிருந்தால், அது மாவுப்பூச்சி. செடியின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை வெளியேற்றும். அதற்காக எறும்புகள் வரும், கரும்பூஞ்சை படரும்.

மூன்றாவதுதான் வேடிக்கை. வெள்ளை மெழுகுக் கற்றைகளோடு, மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, சுறுசுறுப்பாக ஊர்ந்தால், அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் இளம்புழுவாக இருக்கலாம். அதன் உணவே மாவுப்பூச்சிதான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1890-களின் தொடக்கத்திலேயே கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்று, மாவுப்பூச்சியை ஒழிக்கத் தோட்டங்களில் விட்டார்கள். உற்றுப் பார்க்காமல் மருந்தடிப்பவர், எதிரியோடு நண்பனையும் கொன்றுவிடுவார்.

மற்ற தொல்லைகளும் இப்படித்தான். தொட்டியைச் சுற்றிச் சிறு கருப்பு ஈக்கள் பறந்தால், கோளாறு இலையில் இல்லை, மண்ணில் இருக்கிறது. ஈரம் காயாத மண்ணில்தான் அவற்றின் புழுக்கள் வளரும். பறக்கும் ஈயைக் கொன்றாலும் மண்ணுக்குள் அடுத்த தலைமுறை தயாராகிக்கொண்டிருக்கும். மழையும் புழுக்கமும் மிகுந்த நம் ஊரில், வறண்ட நிலத்துச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேறென்ன நடக்கும்? மண்ணைக் காயவிடுவதுதான் இங்கே மருந்து.

இலையில் துருப்பிடித்ததுபோல் பழுப்புத் தழும்பும் நுண்ணிய வலையும் தெரிந்தால், வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துச் செடியை மெல்லத் தட்டுங்கள். தாளில் விழும் புள்ளிகள் நகர்ந்தால் அவை சிலந்திப்பேன்கள். எட்டுக் கால் கொண்ட இவை பூச்சியினமே அல்ல. பூச்சிமருந்து இவற்றைத் தின்னும் உயிர்களைக் கொன்றுவிடுவதால், மருந்தடித்த பிறகு இவை இன்னும் பெருகுவதுண்டு.

தொட்டியில் நடப்பது வயலிலும் நடந்திருக்கிறது. 2008-இல் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இது, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எனப் பல பயிர்களைத் தாக்கியது. விவசாயிகள் மருந்தை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார்கள். மெழுகுப் போர்வை பூச்சியைக் காத்தது. மருந்தோ அதன் இயற்கை எதிரிகளை அழித்தது. பூச்சி எந்த இனம் என்று சரியாகத் தெரிந்ததால்தான், அதற்கேற்ற எதிரியைத் தேட முடிந்தது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, வயல்களில் விடப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு உள்ளிருந்தே அதைத் தின்று வளரும். மருந்தால் அடங்காத பூச்சி, ஒரு குளவியிடம் அடங்கியது.

“ஒரு தொட்டிச் செடிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? ஒரு தடவை அடித்தால் வேலை முடிந்ததே” என்று சிலர் கேட்கலாம். வேலை முடிவதில்லை. மாவுப்பூச்சியின் ஒரு முட்டைப் பையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கலாம். சில இனங்கள் வேரிலும் மறைந்திருக்கும். கரப்பான் மருந்தில் உள்ள கரைப்பான்கள் இலையையே கருக்கிவிடலாம். எல்லாவற்றையும்விட, நீங்களும் தம்பி தங்கைகளும் தூங்கும் மூடிய அறையில் அந்த மருந்தைச் சுவாசிக்கப் போவது பூச்சி மட்டுமல்ல. நம் நாட்டில் பூச்சிமருந்துகளைக் கட்டுப்படுத்த 1974-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. எந்த உயிருக்கு, எங்கே, எந்த அளவில் என்று புட்டியின் ஒட்டுத்தாளில் எழுதியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

மாவுப்பூச்சிதான் என்று உறுதியானால், முதலில் அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, பூச்சியின்மேல் மட்டும் தொட்டு எடுங்கள். ஆல்கஹால் அந்த மெழுகுப் போர்வையைக் கரைத்து உள்ளே இறங்கும். முதலில் ஒரே ஓர் இலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. அது எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பருகே வேண்டாம். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். முட்டைகள் பின்னர் பொரிக்கும் என்பதால், வாரம் ஒருமுறை எனச் சில வாரங்கள் இதைத் தொடருங்கள். எறும்பு வரும் வழியையும் அடையுங்கள். மாவுப்பூச்சிக்குக் காவலாளி அதுதான்.

பள்ளி அறிவியல் கழகங்கள் இதைக் கையில் எடுக்கலாம். ஐந்து தொட்டிகள், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு குறிப்பேடு போதும். வாரந்தோறும் பூச்சிகளை எண்ணி எழுதுங்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று பாடநூலில் படிப்பதெல்லாம் அந்தத் தொட்டியிலேயே நடப்பதைக் காண்பீர்கள். இன்று ஒரு கள்ளிச் செடிமுன் பொறுமையாக நின்று பார்க்கப் பழகியவர், நாளை வயலிலோ மருத்துவமனையிலோ காரணம் தெரியாமல் மருந்தைத் தேடமாட்டார்.