சட்டம் திறந்தது, பணப்பெட்டி பூட்டியது!

நியூசிலாந்துப் பாராளுமன்றம் 2003-இல், ஒரே வாக்கு மிகுதியால், பாலியல் தொழிலைக் குற்றப்பட்டியலினின்று நீக்கிற்று. (தற்காலிக விசாவில் வந்தோருக்கு அந்த விடுதலையும் இல்லை!) இனி, தனித்துத் தொழில் புரிபவள் இணையவழி அட்டைப் பணம் பெறட்டுமே என்பீர்கள். எப்படிப் பெறுவாள்? ஸ்டிரைப் போன்ற நிறுவனங்கள் அவள் தொழிலைத் தடைப்பட்டியலில் எழுதி வைத்துள்ளன. வேறு தொழில் என மறைத்துப் பெறுகிறாள். வந்து சென்ற கனவானோ, வாரங்கள் கழித்து, "அட்டையைப் பயன்படுத்தியவன் நானல்லேன்" என்று வங்கியிடம் சாதிக்கிறான். பணம் அவனுக்கே திரும்புகிறது. தண்டக் கட்டணம் அவள் தலையில்! சான்று காட்டி மறுக்கலாமே? காட்டினால் தொழில் வெளிப்படும், கணக்கே மூடப்படும். காட்டாவிடில் பணம் போகும். மோசடிக்காரன் இதை நன்கறிவான்! மக்கள் மன்றம் நீக்கிய தடையை மீண்டும் விதிக்க, இந்தப் பணத்தரகர்களுக்கு ஓட்டளித்தவர் யார்? கேட்கிறோம் நாம்.