விதி மாறினால் பிறந்த ஊரும் மாறும்

கணினிக்குள் நடக்கும் பேஸ்பால் லீக்கில் ஆண்டுதோறும் புதிய வீரர்கள் ‘பிறக்கிறார்கள்’. ஜெர்மனியரான மார்க்கஸ் ஹெய்ன்சன் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்’ இந்த வகையில் பேர்பெற்றது. நிஜ வீரர்கள் ஓய்வுபெற ஓய்வுபெற, அவர்கள் இடத்துக்குக் கற்பனை வீரர்களை அது உண்டாக்கித் தருகிறது. பெயர், வயது, இடக்கையா வலக்கையா, பிறந்த ஊர் என ஒவ்வொருவருக்கும் ஒரு முழு ஜாதகமே உண்டு. எந்த நாட்டிலிருந்து எத்தனை சதவீதம் பேர் வர வேண்டும் என்பதை விளையாடுபவரே மாற்றிக்கொள்ளலாம்.

அந்தச் சதவீதத்தை இன்றைய அமெரிக்க மேஜர் லீக்கைப் பார்த்து நிரப்புவதுதான் இயல்பாகத் தோன்றும். அங்கே நான்கு வீரர்களில் ஒருவருக்கு மேல் அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கு வெளியே பிறந்தவர். டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர்கள் மட்டும் சுமார் 100 பேர். வெனிசுலா அடுத்த இடத்தில் இருக்கிறது. இந்த எண்களை அப்படியே எடுத்து 30, 40 ஆண்டுகளுக்கு லீக்கை ஓட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இந்த விகிதம் மண்வாகினால் வந்ததல்ல. சர்க்கரை ஆலைகளும் ஒப்பந்த விதிகளும் நிறவெறியும் சேர்ந்து உண்டாக்கியது.

சான் பெட்ரோ டெ மாகோரிஸ் என்ற டொமினிக்கன் நகரத்தைப் பாருங்கள். சாமி சோசா, அல்ஃபோன்சோ சொரியானோ, ராபின்சன் கனோ, பெர்னாண்டோ டாடிஸ் ஜூனியர் எல்லாம் அங்கே பிறந்தவர்கள். கியூபாவின் விடுதலைப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டொமினிக்கன் குடியரசுக்குப் பேஸ்பாலைக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயர் ஆண்ட கரீபியன் தீவுகளிலிருந்து கரும்பு வெட்ட வந்த தொழிலாளர்களோ கிரிக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பேஸ்பாலுக்கு மாறினார்கள். கரும்பு வெட்டு முடிந்தால் மாதக்கணக்கில் வேலையில்லை. சர்க்கரை ஆலைகளுக்கிடையே பேஸ்பால் போட்டிகள் நடந்தன. இவ்வளவு இருந்தும் டொமினிக்கனில் பிறந்த முதல் மேஜர் லீக் வீரர் ஓசி விர்ஜில் களமிறங்கியது 1956இல்தான். 1947இல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்குக்குள் வரும்வரை கறுப்பினத்தவருக்குக் கதவு சாத்தியே இருந்தது. 1930இன் பிறப்பிடப் பட்டியலை வைத்து ஒருவர் கற்பனை லீக்கைத் தொடங்கியிருந்தால், சான் பெட்ரோ அதில் தலைகாட்டியே இருக்காது. ஆட்டம் தெரியாத ஊரல்ல அது.

புவேர்ட்டோ ரிக்கோ இதைவிடத் தெளிவான சாட்சி. பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளமென்டே பிறந்த தீவு. 1990 வாக்கில் அத்தீவின் இளைஞர்கள் அமெரிக்க மாணவர்களோடு ஒரே ‘டிராஃப்ட்’டில் சேர்க்கப்பட்டார்கள். அணிகள் முறைவைத்து வீரரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அது. அதற்கு முன்பு ஓர் அணி தன் ஆளை அனுப்பி, சிறுவனைக் கண்டுபிடித்து, 16, 17 வயதிலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளும். இப்போது அப்படி வளர்த்த பையனை வேறோர் அணி தட்டிக்கொண்டு போகலாம். பிறகு யார் அங்கே பணம் போடுவார்கள்? தீவிலிருந்து வருவோர் எண்ணிக்கை இறங்கியதற்குப் பலரும் சொல்லும் காரணம் இதுவே. டொமினிக்கன் குடியரசுக்கு டிராஃப்ட் இல்லை. ஆகவே அணிகள் அங்கே சொந்தப் பயிற்சிக்கூடங்களைக் கட்டின. 16 வயதுப் பையன் நேரடியாகக் கையெழுத்திடுகிறான். புவேர்ட்டோ ரிக்கோவும் வாளாவிருக்கவில்லை. பேஸ்பாலும் படிப்பும் சேர்ந்த ஓர் உயர்நிலைப் பள்ளி அங்கே எழுந்தது. அதில் படித்த கார்லோஸ் கொரேயா 2012 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார்.

பிறந்த ஊர் மட்டும் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஆல்பர்ட் பூஹோல்ஸ் போதும். பிறந்தது சான்டோ டொமிங்கோ. பதின்பருவத்தில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்ததால் டிராஃப்டுக்குள் போனார். 1999இல் 13ஆவது சுற்றில், 402ஆவது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். பின்னாளில் 700 ஹோம் ரன்களைத் தாண்டியவர் இவர். பட்டியலில் ‘டொமினிக்கன் குடியரசு’ என்ற ஒரே சொல்லின் கீழ் இவரும், பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவரும் வந்த வழி முற்றிலும் வேறு.

அதனால் இத்தகைய விளையாட்டுகளை உருவாக்குவோரிடம் நான் கேட்பது நேரானது. நாட்டுச் சதவீதத்தை மாற்றும் வசதியோடு நிற்காதீர்கள். கையெழுத்திடும் வயது, டிராஃப்டின் எல்லை, அணிகள் பயிற்சிக்குச் செலவிடும் தொகை ஆகியவற்றை மாற்ற விடுங்கள். பிறப்பிடம் அவற்றிலிருந்து விளைந்து வரட்டும். இது வெறும் பொழுதுபோக்குக்கான கோரிக்கையல்ல. எல்லா நாடுகளையும் ஒரே சர்வதேச டிராஃப்டுக்குள் கொண்டுவர மேஜர் லீக் நிர்வாகமும் வீரர் சங்கமும் 2022 ஜூலை வரை பேசிப் பார்த்தன, உடன்பாடு ஏற்படவில்லை. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் அது மறுபடி மேசைக்கு வரக்கூடும். சான் பெட்ரோவின் 14 வயதுப் பையன்களைத் தொடும் அந்த முடிவை முதலில் கற்பனை லீக்கில் ஓட்டிப் பார்க்க முடிந்தால், மேசையின் இரு பக்கத்தாருக்கும் கையில் ஏதாவது இருக்கும்.