வெளியேற வேண்டியவர் யார்?

2004-ஆம் ஆண்டு மழைக்காலம். செம்பூரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் வீட்டுவசதிச் சங்கத்துக்கு அப்போது நான்தான் செயலாளர். இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால், மூன்றாவது மாடிப் பெண் ஐந்து வயது மகனை மடியில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். உதடு கிழிந்திருந்தது. வீட்டுக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது.

"அண்ணாச்சி, நீங்க சொன்னா அவுக கேப்பாக. இந்த ராத்திரிக்கு மட்டும் உள்ள விடச் சொல்லுங்க. காலையில பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு" என்றாள்.

எவ்வளவு தட்டியும் கதவு திறக்கவில்லை. காவல் நிலையத்துக்குப் போனோம். பணியில் இருந்தவர் அரைப் பக்கத்துக்கு ஒரு 'என்.சி.' எழுதிக்கொண்டு, "வீட்டுச் சண்டைதானே, கொஞ்ச நாள் தாய்வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், சரியாகிவிடும்" என்றார். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. இரண்டு நாள் எங்கள் வீட்டில் வைத்திருந்து, நானும் என் மனைவியும் டிக்கெட் வாங்கி, தாயையும் பிள்ளையையும் திருநெல்வேலிக்கு ரயிலேற்றிவிட்டோம். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியில் அன்றிரவு தூங்கினேன்.

அவள் திரும்பி வரவே இல்லை. பையனின் பள்ளிப் படிப்பு நடுவில் நின்றது. அவள் பார்த்துவந்த தையல் வேலையும் போயிற்று. அடித்தவரோ அதே வீட்டில் வசதியாக இருந்துகொண்டு, ஆண்டுக் கூட்டத்தில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று என்னிடமே சண்டை போட்டார். அன்றுதான் எனக்கு உறைத்தது. தவறு செய்தவருக்கு வீடு, அடி வாங்கியவளுக்கு ரயில் டிக்கெட் என்று தீர்ப்பு எழுதியது நானும் அந்தக் காவலரும்தான்.

பெற்றோர் பக்கத்துத் தெருவில் இருந்தால் 'தாய்வீட்டுக்குப் போ' என்பதில் ஓரளவாவது பொருள் இருக்கிறது. மும்பையில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்குத் தாய்வீடு வெகு தொலைவு. அவளுக்கு இங்கே இருப்பது அந்த ஒரே கதவு. அதை அடைத்துவிட்டால் அவளுக்கு ஊரே அடைபட்டுப் போகிறது.

இது எங்கோ ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான இந்தியப் பெண்களில் 29 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். மகாராஷ்டிரத்தில் 25 சதவீதம். நாம் பெருமை பேசும் தமிழ்நாட்டில் 38 சதவீதம்! வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் 14 சதவீதம் பேர்தான். வாய் திறக்காதவர்களே பெரும்பாலோர். வாய் திறந்தால் எங்கே போவது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

வீட்டுக்கும் அடிக்கும் உள்ள தொடர்பைப் பொருளாதார அறிஞர்கள் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். சொத்து எதுவும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவரிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலமும் வீடும் தம் பெயரில் உள்ள பெண்களில் அது 7 சதவீதம்தான். தன் பெயரில் ஒரு வீடு இருப்பது, பெண்ணுக்குக் கிளம்பிப் போக ஓர் இடம் தருவதோடு நிற்பதில்லை. ஓங்கிய கையையே தயங்க வைக்கிறது.

சட்டம் இதை உணர்ந்துகொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17-ஆவது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் தான் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்கிறது. 19-ஆவது பிரிவு அதற்கு மேலும் ஒரு படி போகிறது. அடிக்கும் ஆணை அந்த வீட்டைவிட்டு வெளியேறும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அல்லது அவளுக்கு அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ வாடகை கட்டவோ சொல்லலாம். அந்த உத்தரவை நிறைவேற்ற உதவும்படி காவல் நிலைய அதிகாரிக்கும் ஆணையிடலாம்.

"ஃபிளாட் மாமியார் பெயரில் இருக்கிறதே" என்று உடனே ஒரு குரல் எழும். 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் குரலின் பக்கம்தான் நின்றது. ஆனால் 2020 அக்டோபர் 15 அன்று அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்தப் பழைய தீர்ப்பு சரியல்ல என்று கூறி, கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடானாலும் அவள் குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் குடியிருப்புரிமை கோரலாம் என்று விளக்கியது. இது சொத்துரிமை அல்ல. வயதான மாமனார் மாமியாரின் நிம்மதியையும் நீதிமன்றம் எடைபோட்டே முடிவு செய்யும். ஆயினும் நள்ளிரவில் கதவை அடைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பது தெளிவு.

இனிக் காவல் துறை. கணவர் வீட்டாரின் கொடுமையைக் குற்றமாக்கும் 498-ஏ பிரிவு 1983 முதலே இருந்தது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகளாக இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் காவலருக்கு இன்னும் ஒரு கடமையைச் சேர்த்தது. புகார் சொல்ல வரும் பெண்ணிடம், நீதிமன்ற உத்தரவு கேட்கும் உரிமையையும், பாதுகாப்பு அலுவலர் இருப்பதையும், இலவசச் சட்ட உதவியையும் அவர் எடுத்துச் சொல்லியாக வேண்டும். மாஜிஸ்திரேட்டின் பாதுகாப்பு உத்தரவை மீறுகிறவருக்கு ஓராண்டுவரை சிறையோ 20,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். அந்தக் குற்றத்துக்கு 'என்.சி.' எழுதி அனுப்ப முடியாது; பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம்.

இதில் நம் மும்பை நாட்டுக்கே வழிகாட்டிய ஊர். 1984-இல் டாட்டா சமூக அறிவியல் கழகம் நகரக் காவல் துறையுடன் சேர்ந்து, கமிஷனர் அலுவலகத்திலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் காவல் துறையின் கூரைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். அழுதுகொண்டு வருகிற பெண்ணிடம் முதலில் பேசுவது அவர்தான். பிறகு மகாராஷ்டிரம் முழுவதும் இத்தகைய பிரிவுகள் பரவின. என் கட்டடத்துப் பெண்ணை ரயிலேற்றியபோது இருபது ஆண்டுகளாக அந்தப் பிரிவு இதே நகரத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது என் பொறுப்பு என்றும் தோன்றவில்லை.

தலைமை என்றால் மேடையும் மாலையும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கட்டடத்தின் செயலாளர், ஒரு காவல் நிலையத்தின் பொறுப்பு அதிகாரி இருவருமே இந்த விஷயத்தில் தலைவர்கள்தாம். அவர்கள் முதல் அரை மணி நேரத்தில் சொல்லும் வார்த்தை அந்தப் பெண்ணின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. ஆகவே அந்த அரை மணிக்கு வேண்டிய அறிவை முன்கூட்டியே தேடிக்கொள்வது அவர்கள் கடமை.

இந்தச் சட்டங்களைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்களே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 498-ஏ வழக்குகளில் இயந்திரம் போலக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2014-இல் கூறியிருக்கிறது. ஆனால் குடியிருப்பு உத்தரவு யாரையும் சிறைக்கு அனுப்புவதல்ல. மாஜிஸ்திரேட் ஆராய்ந்து தருவது. தவறென்றால் மேல்முறையீடு உண்டு. மாறாக, நாமாகப் படிக்கட்டில் நின்று வழங்கும் தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது.

காப்பகங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயிருக்கே ஆபத்து என்றால் அங்கேதான் போக வேண்டும். 2015 முதல் இயங்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் ஐந்து நாள்வரை தங்கலாம். ஆறாவது நாள் என்ன என்பதற்கு வீடுதான் விடை.

சங்க அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். நம்மில் எத்தனையோ பேர் வீட்டுவசதிச் சங்கங்களில் தலைவராகவும் செயலாளராகவும் இருக்கிறோம். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் இடையில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, பாதுகாப்பு அலுவலரையும் காவல் அதிகாரியையும் சிறப்புப் பிரிவுப் பணியாளரையும் அழைத்து, நம் செயலாளர்கள் எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்கச் செய்வோம். இது முதலாவது.

இரண்டாவது, ஒவ்வொரு கட்டடத்தின் அறிவிப்புப் பலகையிலும் 112, 181 என்ற எண்களைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதி வைப்போம். அண்டை வீட்டுக்காரரே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்று சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது எந்த வழக்கும் போட முடியாது. "நமக்கேன் வம்பு" என்பதற்கு இனிச் சட்டத்தில் இடமில்லை.

மூன்றாவது, வீடு வாங்கும்போதே மனைவியின் பெயரையும் சேருங்கள். மும்பைக் குடிசைச் சீரமைப்புத் திட்டத்தில் கிடைக்கும் வீடு கணவன், மனைவி இருவருக்கும் கூட்டாகச் சொந்தம் என்பது விதி. தாராவியிலும் பிற இடங்களிலும் வாழும் நம்மவர் ஒவ்வொரு குடும்பமும் பத்திரத்திலும் சங்கப் பதிவேட்டிலும் இரண்டு பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பையனுக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவனும் அவன் தாயும் எங்கே எப்படி இருக்கிறார்களோ, நான் அறியேன். ரயில் புறப்படும்போது ஜன்னல் வழியாக அவள் எனக்குக் கைகூப்பி நன்றி சொன்னாள். அந்த நன்றிக்கு நான் உரியவன் அல்ல. இனியொரு பெண் நம் படிக்கட்டில் உட்கார்ந்தால், 'எந்த ரயில்' என்று கேட்காமல், 'எந்த மாஜிஸ்திரேட்' என்று கேட்கத் தெரிந்த செயலாளர் ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்க வேண்டும்.