உளுந்துக்கு ஏன் இந்தத் திறந்த கதவு?

மஞ்சள் பட்டாணிக்கு 2025 நவம்பர் 1 முதல் 30 சதவீத இறக்குமதி வரி. உளுந்துக்கும் துவரைக்கும் 2026 மார்ச் 31 வரை வரியே இல்லை என்றது அரசு. பட்டாணி வரியால், அதோடு போட்டியிடும் வட மாநிலக் கொண்டைக்கடலை விவசாயி கொஞ்சம் மூச்சுவிடுவார். தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளத்து உளுந்து விவசாயி மட்டும் என்ன பாவம் செய்தார்? அதுவும் ரூ.11,440 கோடியில் பருப்புத் தன்னிறைவு இயக்கம் தொடங்கிய கையோடு!

தூத்துக்குடி மாவட்டத்தில் விவசாயம் ஒரே மாதிரியானது அல்ல. தெற்கே தாமிரபரணிப் பாசனத்தில் நெல், வாழை, ஆத்தூர் வெற்றிலை. உடன்குடிப் பக்கம் செம்மணல் தேரியில் பனை. வடக்கே விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் எங்கும் மானாவாரிக் கரிசல். இங்கே புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழை ஏமாற்றினால் மறுவிதைப்பு. மார்கழி, தையில் அறுவடை. ஆண்டுக்கு ஒரே வெள்ளாமை.

நமக்கு உளுந்து அனுப்பும் மியான்மரின் கதை வேறு. ஐராவதி டெல்டாவில் நெல் அறுத்த வயலில், எஞ்சிய ஈரத்திலேயே உளுந்து விளைகிறது. நம் தஞ்சைத் தரிசு உளுந்தும் இதே முறைதான். முதல் போக நெல் குடும்பத்துக்குச் சோறு போட்டுவிடுகிறது, உளுந்து மேல்வரும்படி. அங்குள்ளவர்கள் அதை அதிகம் சாப்பிடுவதும் இல்லை. பெரும்பகுதி இந்தியாவை நம்பியே விளைகிறது. கரிசல்காட்டிலோ உளுந்துதான் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், நகைக்கடன் வட்டி எல்லாம். இருவரையும் ஒரே விலையில் மோதவிடுவது வணிகமல்ல, அநீதி.

2025-26இல் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.7,800 என்றார்கள். தார்ச்சாலையில் காயப்போட்டு, அடித்துத் தூற்றிக் கொண்டுவந்த உளுந்தில் ஒன்றை எடுத்து வியாபாரி பல்லில் கடிப்பார். “ஈரம் இருக்கே அண்ணாச்சி, பர்மா சரக்கு வேற வருது” என்பார். விலை அங்கேயே சரிந்துவிடும். அரசே முழுவதும் கொள்முதல் செய்யும் என்கிறது புதிய இயக்கம். பதிவு செய்தவர்களிடம் மட்டும்தான். பெயரில் அடங்கல் இல்லாத குத்தகைக்காரர் எங்கே போவார்?

இறக்குமதி இல்லாவிட்டால் இட்லி விலை ஏறும் என்கிறார்கள் சில நிபுணர்கள். 2021 மே மாதம் உளுந்து இறக்குமதிக்குக் கதவு திறந்ததிலிருந்து எந்த ஓட்டலில் இட்லி விலை குறைந்தது? கரிசலில் கால் வைக்காதவர்களின் வாதம் இது.

உளுந்தில் நொந்து போய் மக்காச்சோளத்துக்கு மாறியவர்களை 2018இல் படைப்புழு பதம்பார்த்தது. உளுந்து மண்ணுக்குத் தழைச்சத்தைத் தருகிறது, மக்காச்சோளமோ உறிஞ்சுகிறது. ஆக, விவசாயியோடு நிலமும் நலிகிறது.

மொசாம்பிக் துவரையை இறக்க அனுமதி பெற்ற ஐந்து துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. அந்தத் துறைமுகம் தாங்கியிருப்பது, 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி.யின் பெயர். அவர் பிறந்த ஓட்டப்பிடாரமும் கரிசல் பூமிதான். மார்கழி முதல் பங்குனி வரை எந்தத் துறைமுகத்திலும் உளுந்து, துவரை இறங்கக் கூடாது. மற்ற மாதங்களில் ஆதரவு விலைக்குக் கீழே சரக்கு வராதபடி வரி வேண்டும். இல்லையேல் பத்தே ஆண்டுகளில் கரிசலில் உளுந்து இருக்காது. சீமைக் கருவேலம்தான் மிஞ்சும்.